சிந்தனை மாடத்தில் நான்கு கதவுகள்

வானளாவிய கட்டடங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக உச்சியிலிருந்து தொடங்குவார்கள். அப்படித் தொடங்கினால் இந்தக் கதையின் நாயகரைச் சந்திக்கவே முடியாது. அவர் நடுவில் இருப்பவர். கட்டடத்தின் நடு என்றால், லிஃப்ட், மாடிப்படி, மின்சார அறை, குழாய்கள் மேலும் கீழும் ஓடும் பொந்து எல்லாம் ஒன்றையொன்று முழங்கையால் இடித்துக்கொண்டு நிற்கும் சன்னல் இல்லாத பகுதி. அதிலும் எல்லாருக்கும் பங்கு பிரித்துக் கொடுத்தபின் மிச்சம் விழுகிற மூலை எதுவோ, அதுதான் அவருடைய சாம்ராஜ்யம். இருபத்திரண்டு ஆண்டுகளாக அவர் அலுவலகக் கோபுரங்களின் கழிவறைகளை வரைந்து வந்தார்.

சம்பளப் பட்டியலில் அவர் முதுநிலை வரைவாளர். மற்ற எல்லா இடத்திலும் பாத்ரூம் அண்ணன். இதைக் கேலி என்று நினைப்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அவர் கைபட்ட கோபுரங்கள் பதினாறு. வேலைநாள் ஒவ்வொன்றிலும் நாற்பதாயிரம் பேராவது அவருடைய படைப்பின் முன் வந்து நிற்கிறார்கள், அல்லது அதன்மேல் அமர்கிறார்கள். சாவகாசமாக, கதவைத் தாழிட்டுக்கொண்டு, பிறர் தொந்தரவு இல்லாமல் அனுபவிக்கிறார்கள். எந்த ஓவியருக்கு, எந்தச் சிற்பிக்கு இப்படி ஒரு ரசிகர் கூட்டம் வாய்த்தது?

தொழில் அவர் ரத்தத்தில் ஊறிவிட்டது. உறவினர் புதுவீடு கட்டிக் கூப்பிட்டால், வரவேற்பறையில் உட்காரும் முன்பே கொல்லைப்பக்கம் காணாமல் போவார். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு துக்கம் இருக்கும். “முட்டி இடிக்குது” என்பார். அல்லது, “கதவு உள்பக்கமா திறக்குது, ஆள் எங்க நிக்கிறது?” என்பார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவருக்குக் காபி சற்று ஆறித்தான் வரும்.

அலுவலகத்தின் தலைவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ஒற்றைக்கோடு. காலை பதினோரு மணிக்கு வருவார். மெல்லிய தாளை விரிப்பார். தடித்த பென்சிலால் கீழிருந்து மேலாக ஒரே ஒரு கோடு இழுப்பார். இரண்டடி பின்வாங்கித் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். “அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார். அந்த ‘அவ்வளவுதானை’ எண்ணாயிரம் படங்களாக ஆக்குவதற்கு அறுபது பேர் இரண்டு வருடம் நாற்காலியைத் தேய்ப்பார்கள்.

பாத்ரூம் அண்ணனின் மனைவி ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டுப் பிரிவின் கண்காணிப்பாளர். இருபத்தோரு வருட சர்வீஸ். எந்தக் கோப்பு எந்த அலமாரியில் தூங்குகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். கணினிக்கே சந்தேகம் வந்தால் அவரைத்தான் கேட்கும் என்று சக ஊழியர்கள் சொல்வார்கள். அந்த நிறுவனம் இருந்த பத்தொன்பதாவது மாடியும் நம் நாயகர் நடுப்பகுதி வரைந்த கோபுரம் ஒன்றில்தான் இருந்தது. குடிபோன புதிதில் அம்மையார் பூரித்துப்போய், “என் வீட்டுக்காரர் கட்டின கட்டடம்” என்று ஆளாளுக்குச் சொல்லி வைத்தார்.

பூரிப்பு ஒரு வாரம் தாங்கியது. அந்தக் கட்டடத்தில் ஆண்களுக்கு ஓர் அறை, பெண்களுக்கு ஓர் அறை, இரண்டும் அங்குல சுத்தமாக ஒரே அளவு. சமத்துவம் என்றால் இதுதான் என்று விதிப்புத்தகமே சொல்லியிருந்தது. ஆண்கள் பக்கம் சுவரோரமாக நின்றபடியே காரியத்தை முடிக்கிற வசதியையும் சேர்த்து ஒரே சமயத்தில் எட்டுப் பேருக்கு இடம். பெண்கள் பக்கம் மூன்று கதவுகள். அந்த மாடியில் பெண்கள் நூற்றுப்பத்துப் பேர். மதிய இடைவேளையில் வரிசை லிஃப்ட் வாசல்வரை நீளும். லிஃப்டுக்கு வந்தவர்கள் விவரம் தெரியாமல் இதில் சேர்ந்து நின்று, கடைசியில் தவறான கதவின் முன் போய் விழிப்பதும் நடந்திருக்கிறது. அந்த வரிசையிலேயே இரண்டு கல்யாணங்கள் பேசி முடிக்கப்பட்டன. தட்டச்சுப் பிரிவுப் பெண் ஒருத்தி ஒரு முழு ஸ்வெட்டரைப் பின்னி முடித்தாள்.

ஒரு நாள் வரிசையில் பின்னால் நின்றவள், இந்தக் கட்டடத்தில் உங்கள் வீட்டுக்காரர் எந்தப் பகுதியைக் கட்டினார் என்று கேட்டுவிட்டாள். அம்மையார் அன்று மாலை அவரிடமே கேட்டார். இருபது வருடத்தில் மனைவி தன் வேலையைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி என்பதால் மனிதர் உருகிப்போனார். பழைய காலண்டர் தாளின் பின்புறத்தில் அந்த மாடியின் நடுப்பகுதியை வரைந்து, ஒவ்வொரு சுவரையும் எப்படி மிச்சம் பிடித்தார் என்று பாசத்தோடு விளக்கினார். அம்மையார் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

“அப்ப அந்த மூணு கதவு… நீங்களா?”

மறுநாள் காலையிலிருந்து வீட்டில் தண்டனை அமலுக்கு வந்தது. அந்த வீட்டில் ஒரே ஒரு குளியலறை. சரியாக அவர் துண்டைத் தோளில் போடும் நேரம் பார்த்து அம்மையார் உள்ளே போவார். தாழ்ப்பாள் விழும். பதினோரு நிமிடம் கழித்துத்தான் கதவு திறக்கும். ஏன் பதினொன்று என்று நான்காம் நாள் அவர் பரிதாபமாகக் கேட்டார். “அதுதான் அங்க சராசரி. நாப்பது நாள் குறிச்சு வெச்சு வகுத்திருக்கேன்” என்று பதில் வந்தது. இழப்பீட்டுப் பிரிவில் வேலை பார்ப்பவரிடம் கணக்கில் குறை கண்டுபிடிக்க முடியாது.

இங்கே சிரிப்பைச் சற்று நிறுத்தி வைக்க வேண்டியிருக்கிறது. ஒரே வருடத்தில் இரண்டு முறை அம்மையாருக்குக் குளிர்காய்ச்சல் வந்து, இடுப்பு வலியோடு மருத்துவமனையில் படுக்க நேர்ந்தது. இரண்டாவது முறை டாக்டர், ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று விசாரித்தார். கட்டிலருகே ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார் பாத்ரூம் அண்ணன்.

“ஆபீசுல குடிக்கிறதில்ல டாக்டர். குடிச்சா போகணும். போனா நிக்கணும்.”

காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறுவரை ஒரு மடக்குக்கூட இல்லாமல் ஐந்து வருடம். இன்னொரு முறை இப்படி வந்தால் சிறுநீரகம் பிழைக்காது என்று டாக்டர் அம்மையாரைப் பார்க்காமல் பாத்ரூம் அண்ணனைப் பார்த்துச் சொன்னார். வீடு திரும்பும் வழியில் அம்மையார் நிதானமாக இன்னொரு செய்தியையும் சொன்னார். அவர்களுடைய நிறுவனம் இடம் மாறப் போகிறது. ஒற்றைக்கோடு இப்போது வரைந்துகொண்டிருக்கிற நாற்பத்தொரு மாடிக் கோபுரத்தின் இருபத்தேழாவது தளத்தைப் பேசி முடித்தாயிற்று. “அங்கயும் மூணு கதவுதான்னா, நான் வேலையை விட்டுடறேங்க.” அதைச் சண்டைக் குரலில் சொல்லியிருந்தால் அவர் சமாளித்திருப்பார். அம்மையார் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்.

இருபத்திரண்டு வருடம் கூட்டங்களில் ‘சரிங்க சார்’ தவிர வேறு வசனம் பேசியிராத மனிதர், அடுத்த திங்கட்கிழமை கூட்டத்தில் கை தூக்கினார். பெண்கள் பக்கம் மாடிக்கு இன்னும் நான்கு கதவு வேண்டும், மனிதத்தலைகளையும் நிமிடங்களையும் வைத்து ஒரு கணக்கு எழுதி வந்திருக்கிறேன் என்றார். கட்டடத்தின் சொந்தக்காரியான முதலாளியம்மா சார்பில் வந்திருந்தவர், வாடகைக்கு விடும் இடத்தில் ஓர் அங்குலம்கூடத் தர முடியாது என்று சொல்லிவிட்டார். ஒற்றைக்கோடு கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் தத்துவம் வரப்போகிறது என்று அர்த்தம்.

“இந்தக் கட்டடம் வானத்தோட பேசுது. நீங்க அதைக் குழாயோட பேசச் சொல்றீங்க.”

அறுபது பேரும் இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

கதவுக்கு இல்லாத இடம் வேறொன்றுக்கு இருந்தது. ஒவ்வொரு மாடியிலும் பெண்கள் கழிவறைச் சுவரை ஒட்டியே பன்னிரண்டடி நீளம், ஒன்பதடி அகலத்தில் ஒரு சிந்தனை மாடத்தை ஒற்றைக்கோடு வைத்திருந்தார். ஒரு மரப்பெஞ்சு, மேலிருந்து இறங்கும் ஒரு விளக்கு, எதிரில் வெறும் சுவர். ஊழியர்கள் அவ்வப்போது வந்து அமர்ந்து சுவரைப் பார்த்துச் சிந்திப்பார்கள் என்பது ஏற்பாடு. மேலதிகாரி போய் வருகிற வழியில் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்க்கும் தைரியம் எந்த ஊழியருக்கு வரும் என்று யாரும் கேட்கவில்லை. பன்னிரண்டடி. மூன்றடிக்கு ஒரு கதவு. பாத்ரூம் அண்ணனுக்கு வகுத்தல் நன்றாக வரும்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு படத்தில் எதையாவது மாற்றினால், மாற்றிய இடத்தைச் சுற்றி வளைவு வளைவாக ஒரு மேகம் வரைய வேண்டும். பக்கத்தில் எத்தனையாவது திருத்தம் என்று எண் போட வேண்டும். பிறகு அந்தப் படம் தூண் கணக்குக்காரர், மின்சாரக்காரர், குழாய்க்காரர், தீயணைப்புக்காரர், முதலாளியம்மாவின் ஆள் என்று ஊர்வலம் போகும். ஒவ்வொருவரும் மேகத்துக்குள்ளே பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். மேகத்துக்கு வெளியே இருப்பது ஏற்கெனவே பார்த்தது; பார்த்ததை மறுபடி பார்ப்பது அவநம்பிக்கை; அவநம்பிக்கை அலுவலகத்துக்கு ஆகாது. அந்த அலுவலகம் தோன்றிய நாள் முதல் மேகத்துக்கு வெளியே எவரும் பார்த்ததாகச் சரித்திரம் இல்லை.

ஏழாவது திருத்தம் வந்தது. அலுவலக மாடிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே படத்தில், மாடிப்படியின் கைப்பிடியை ஓர் அங்குலம் உயர்த்த வேண்டியிருந்தது. பாத்ரூம் அண்ணன் அதைச் சுற்றி ஒரு மேகம் வரைந்தார். அவர் வாழ்நாளில் வரைந்ததிலேயே பெரிய, கொழுத்த, கறுத்த மேகம் அது. மாடிப்படி முழுவதும் மறைந்து, பாதி லிஃப்டும் அதற்குள் போய்விட்டது. அதே படத்தில், சற்றுத் தள்ளி, மரப்பெஞ்சும் விளக்கும் காணாமல் போய், நான்கு கதவுகளும் நான்கு பீங்கான்களும் முளைத்திருந்தன. அவற்றைச் சுற்றி ஒரு சின்ன வளைவுகூட இல்லை.

படம் ஊர்வலம் போனது. கைப்பிடியின் ஓர் அங்குலத்தை வைத்து ஐந்து பிரிவினரும் மூன்று வாரம் மல்லுக்கட்டினார்கள். உயரமானவர் இடுப்பு, குள்ளமானவர் தோள்பட்டை என்று உடற்கூறியல் வரை விவாதம் போயிற்று. கடைசியில் ஒரு வழியாகச் சமரசம் ஆகி அனைவரும் கையெழுத்திட்டார்கள். ஒற்றைக்கோடு தம்முடைய பச்சை மையால், மேகத்தின் அழகை ஒரு கணம் ரசித்துவிட்டு, கீழே ஒரு சுழி போட்டார். குழாய்ப் பிரிவு கையெழுத்தான படத்தை வாங்கி, அதில் ஏழு பீங்கான் இருந்ததால் ஏழுக்கும் குழாய் இழுத்துவிட்டது. ஏன் ஏழு என்று கேட்பது அவர்கள் வேலையில்லை.

மாட்டிக்கொண்டால் வேலை போகும். இந்த வயதில் இன்னோர் அலுவலகம் அவரை எடுக்காது. அது தெரிந்ததால் யாராவது ‘அண்ணே’ என்று கூப்பிட்டாலே எழுந்து நின்றார். வீட்டில் மூச்சு விடவில்லை. அம்மையாரோ தன் பங்குக்குப் பதினோரு நிமிடத்தில் ஒரு விநாடிகூடக் குறைக்கவில்லை.

அடித்தளம், வாகன நிறுத்தம், வரவேற்பு என்று கீழ்த்தளங்கள் எழும்பி, முதல் அலுவலக மாடியான நான்காவது தளத்துக்குக் கான்கிரீட் ஊற்றும் நாள் நெருங்கியது. அங்கே பொறுப்பில் இருந்த பொறியாளர் ஒரு பெண். மஞ்சள் தலைக்கவசம், தொண்டை கட்டிய குரல். எல்லாரும் சைட் மேடம் என்பார்கள். அவர் பாத்ரூம் அண்ணனைப் போனில் பிடித்து நேரில் வரச் சொன்னார். கம்பி கட்டிய தளத்தின்மேல், குழாய் இறங்க விட்டிருந்த ஓட்டைகளுக்கு நடுவே, இரண்டு படங்களை விரித்து நான்கு மூலைக்கும் கம்பித்துண்டு வைத்திருந்தார்.

“அண்ணா, பழைய படத்துல மூணு ஓட்டை. புதுசுல ஏழு. ஆனா மேகம் மாடிப்படியில கெடக்கு. எது சரி?”

மேகத்துக்கு வெளியே பார்த்த முதல் மனித உயிர் அவர்தான். வரைகிறவர்களுக்குத் திருத்தம் உண்டு, ஊற்றுகிறவர்களுக்குக் கிடையாது. அதனால் அந்த அம்மாவுக்கு எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்கும் கெட்ட பழக்கம். மூன்று என்று சொல்லிவிட்டால் நாலு ஓட்டையையும் அடைத்துவிட்டு எல்லாரும் டீ குடிக்கப் போகலாம். ஒரு காகிதப் பிழையோடு கதை முடியும். பாத்ரூம் அண்ணன் கம்பிகளைப் பார்த்தார், கீழே பார்த்தார், தன் செருப்பைப் பார்த்தார்.

“ஏழும்மா” என்றார்.

“மேகம் போட மறந்துட்டீங்களா?”

“மறக்கல.”

சைட் மேடம் தலைக்கவசத்தைக் கழற்றினார். பிறகு, இங்கே வேலை செய்கிற நானூறு ஆண்களுக்கு இருபது தகர அறைகளும், நாற்பது பெண்களுக்கு ஒன்றும் இருப்பதையும், அந்த ஒன்றும் நாலு மாடி இறங்கி, சிமெண்ட் கிடங்கைச் சுற்றிக்கொண்டு போக வேண்டிய இடத்தில் இருப்பதையும், யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். பழைய படத்தை நாலாக மடித்துக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“நாளைக்குக் காலையில ஊத்திடறேன்ணா. ஊத்தினதுக்கு அப்புறம் யாரும் ஒண்ணும் கிழிக்க முடியாது.”

அதன் பிறகு ஆறு நாளைக்கு ஒரு மாடி வீதம் கோபுரம் மளமளவென்று ஏறியது. மாடிக்கு ஏழு ஓட்டைகளும் கூடவே ஏறின.

எலும்புக்கூடு முப்பத்தொன்றாவது மாடியைத் தொட்டபோது, எட்டாவது மாடியை மட்டும் மாதிரிக்காக முழுதாக முடித்து, முதலாளியம்மாவைப் பார்வைக்கு அழைத்திருந்தார்கள். ஒற்றைக்கோடு அவருக்கு இரண்டு மணி நேரம் கட்டடத்தைச் சுற்றிக் காட்டினார். வெளிச்சம் எப்படி உள்ளே நடந்து வருகிறது, காற்று எங்கே யோசித்து நிற்கிறது என்றெல்லாம் விளக்கினார். பின்னால் ஒரு கூட்டம். கூட்டத்தின் கடைசியில், தூக்குக்குப் போகிறவர் முகத்தோடு, பாத்ரூம் அண்ணன். “இப்ப நீங்க பாக்கப்போறது இந்தக் கட்டடத்தோட ஆன்மா” என்று சொல்லி ஒற்றைக்கோடு முனையில் திரும்பி, இரு கையையும் விரித்தார்.

எதிரே பளபளவென்று ஏழு கதவுகள். ஒன்று பாதி திறந்திருந்தது. ஆன்மா வெள்ளை வெளேரென்று பீங்கானில் இருந்தது.

விரித்த கைகள் அப்படியே நின்றன. ஒற்றைக்கோடு மெல்லத் திரும்பிக் கூட்டத்தின் கடைசியைத் தேடினார். ஆனால் பக்கத்துச் சுவரில், பார்வையாளர் வசதிக்காக, அந்த மாடியின் படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். கீழே அவருடைய பச்சைச் சுழி. முதலாளியம்மா படத்தைப் பார்த்தார், சுழியைப் பார்த்தார், இதுவா சிந்தனை மாடம் என்று கேட்டார். எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல வேண்டுமானால், படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவன் நான் என்றும் சொல்ல வேண்டும். ஒற்றைக்கோடு கண்ணாடியைக் கழற்றினார்.

“சிந்தனைக்குத் தனிமை வேணும்மா. பொதுவுல பெஞ்சு போட்டா அரட்டைதான் நடக்கும். அதான்… கதவு. தாழ்ப்பாள்.”

முதலாளியம்மா இரண்டு மணி நேரம் நடந்திருந்தார்; தண்ணீரும் இளநீருமாக உபசரித்திருந்தார்கள். கைப்பையை உதவியாளரிடம் கொடுத்துவிட்டு ஒரு கதவைத் திறந்து உள்ளே போனார். தாழ்ப்பாள் விழுந்தது. வெளியே நாற்பது பேர் கூரையைப் பார்த்தபடி நின்றார்கள். பாத்ரூம் அண்ணன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, முட்டி இடிக்கக் கூடாதே என்று பிரார்த்தித்தார்.

வெளியே வந்த முதலாளியம்மா கை துடைத்துக்கொண்டே இரண்டு கேள்விகள் கேட்டார். எல்லா மாடியிலும் இப்படித்தானா? முப்பத்தெட்டு அலுவலக மாடிகளிலும் இப்படித்தான் என்று சைட் மேடம் முந்திக்கொண்டு சொன்னார். வாடகை இடம் ஏதாவது குறைந்ததா? ஓர் அங்குலம்கூட இல்லை. “அப்ப சரி” என்று சொல்லி முதலாளியம்மா லிஃப்டை நோக்கி நடந்தார்.

அடுத்த நாள் ஒற்றைக்கோடு பாத்ரூம் அண்ணனைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கால்மணி நேரம் உட்கார வைத்துத் தடித்த பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். வேலையைவிட்டு நீக்க வேண்டுமானால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். காரணத்தை எழுதினால் பச்சை மையையும் சேர்த்து எழுத வேண்டும். கடைசியில், “போய் வேலையைப் பாருங்க” என்றார். அன்றே ஒரு புதிய விதி சுற்றுக்கு வந்தது: இனி மேகத்துக்கு வெளியேயும் பார்க்க வேண்டும். பார்த்தார்கள். பார்த்த இடமெல்லாம் பிழையாக இருந்ததால் ஒரு படம்கூட நகரவில்லை. பன்னிரண்டாம் நாள் விதி சத்தமில்லாமல் வாபஸ் ஆனது. கட்டடத்தின் விளம்பர மலரில், ஒவ்வொரு மாடியிலும் தனிமைச் சிந்தனைக்கு ஏழு அறைகள் என்று ஒற்றைக்கோடு பெயரில் ஒரு பக்கக் கட்டுரை வெளியானது. பாத்ரூம் அண்ணன் அதைப் படித்து, உண்மையிலேயே நன்றாக எழுதியிருக்கிறார் என்று பாராட்டினார்.

காப்பீட்டு நிறுவனம் இருபத்தேழாவது மாடிக்குக் குடிபோன முதல் நாள், அவர் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார். செய்ததை அதுவரை மனைவியிடம் சொல்லவில்லை. ஏழே காலுக்கு அம்மையார் வந்தார். செருப்பைக் கழற்றினார், முகம் கழுவினார், எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“ஏழு கதவு இருக்கு.”

“ம்.”

“இன்னிக்கு ஆறு டம்ளர் தண்ணி குடிச்சேன். நாலு தடவை போனேன். ஒரு தடவைகூட நிக்கல.” முகத்தைத் துடைத்துக்கொண்டே, “நம்ம வேலைதானா?” என்று கேட்டார்.

அவர் தலையாட்டினார். எப்படி என்று அம்மையார் கேட்கவில்லை. இத்தனை வருடம் இழப்பீட்டுப் பிரிவில் இருந்தவருக்கு, சில கோப்புகளைத் திறக்கக் கூடாது என்று தெரியும். அவருடைய கண் கொஞ்சம் கலங்கியது. பாத்ரூம் அண்ணன் ஒரு பாராட்டுக்குத் தயாராக முதுகை நிமிர்த்தினார்.

“எல்லாம் சரிங்க. கைப்பையை எங்க மாட்டறது? கதவுல ஒரு கொக்கிகூட இல்ல. நாலு தடவையும் வாயில கவ்விக்கிட்டு உக்காந்தேன்.”

முப்பத்தெட்டு மாடி, இருநூற்று அறுபத்தாறு கதவுகள். ஒவ்வொன்றையும் திறக்கிற பக்கம், கீழ் இடைவெளி, தாழ்ப்பாளின் நிறம் வரைக்கும் வரைந்தவர் அவர். ஒரு பெண் கையில் பையோடு உள்ளே வருவாள் என்பது மட்டும் இத்தனை வருடத்தில் அவர் மண்டைக்குள் ஏறவில்லை. எழுந்தார். பென்சிலை எடுத்துக்கொண்டு, மனைவியை வீட்டுக் குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். பையைத் தோளில் மாட்டி, எந்த உயரத்தில் இருந்தால் கைக்கு வாகாக இருக்கும் என்று காட்டச் சொன்னார். அம்மையார் காதருகே கையைத் தூக்கிக் காட்டினார். அவர் அங்கே ஒரு புள்ளி வைக்கப் போனார்.

“இருங்க, இன்னும் நாலு விரக்கடை கீழ வைங்க. எங்க மேனேஜர் மேடம் குள்ளம்.”